ஏரியிலிருந்து விரிகுடாவுக்கு: ஃப்ளோட் டியூப்பில் கடல் மீன்பிடிப்பைத் தொடங்குவது எப்படி?

ஏரியில் ஃப்ளோட் டியூப்பில் அமர்ந்து மீன் பிடித்துப் பழகிவிட்டீர்கள். இனி உப்புநீர் விரிகுடாவில் இறங்க விரும்புகிறீர்கள். அதற்கு எந்த டியூப் வாங்கலாம், எந்தத் தூண்டில் ஏற்றது, கையிலிருக்கும் பழைய டியூப்பே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கருவிகளைப் பற்றியது போலத் தோன்றினாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, ஏரியில் கற்றதில் எது கடலிலும் செல்லும், எது செல்லாது என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக விரிகுடாக்களில் இதே முறையில் மீன் பிடித்து வருபவன், புதியவர்களை உடன் அழைத்துச் சென்று பழக்கியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மீன் பிடிக்கும் திறமை ஏறக்குறைய முழுவதும் உங்களுடன் வரும். ஆனால் இறங்கிய இடத்துக்கே திரும்பி வருவது ஏரியில் தானாக நடந்துவிடும் காரியம். விரிகுடாவில் அதை முதலிலேயே திட்டமிட வேண்டும். ஆகவே கருவிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் தொடங்குகிறேன்.

ஃப்ளோட் டியூப் என்பது, காற்று நிரப்பிய மிதவைகளுக்கு நடுவே தொங்கும் இருக்கையில் அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே கால்கள் நீரில் இருக்க, கால்துடுப்புகளை உதைத்துப் பின்னோக்கி நகரும் ஒருவர் கலம். நல்ல உடல்நலம் உள்ளவர் அமைதியான நீரில், களைப்பின்றித் தொடர்ந்து உதைத்தால், மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் வரை நகரலாம். அவசரத்துக்குச் சிறிது நேரம் அதைவிட வேகமாக உதைக்க முடியும் என்றாலும், சில நிமிடங்களிலேயே தொடை எரியத் தொடங்கி, கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். இதற்கு எதிரே, ஒரு நாட் வேகமுள்ள நீரோட்டம் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். விரிகுடாவின் வாயிலும், பாலங்களுக்கு அடியிலும், தூர்வாரிய கால்வாய்களிலும் ஒரு நாட் என்பது மிகச் சாதாரணமான வேகம்; இரண்டு, மூன்று நாட் ஓடும் இடங்களும் உண்டு. அதாவது, உங்கள் முழு உழைப்பும் ஒரு சராசரி நீரோட்டத்தைச் சமன் செய்யத்தான் போதும். அதற்கு மேல் ஓடினால், கரையைப் பார்த்துக்கொண்டே கரையைவிட்டு விலகிச் செல்வீர்கள். கயாக்கில் வருபவருக்கு இந்த நீரோட்டம் ஒரு தொந்தரவு. டியூப்பில் இருப்பவருக்கு அதுவே எல்லை. இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே சரியாக அமையும்.

நீரோட்டத்தை உண்டாக்குவது ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறுவதும் வற்றுவதும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வரும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகையால் அதே ஏற்றம் மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். நேற்று நன்றாக இருந்த நேரமே இன்றும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறும்போதும் வற்றும்போதும் நீர் ஒரே சீராக நகர்வதில்லை. மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு போடும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, கடைசியில் ஒன்று. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 1.8 மீட்டர் வேறுபாடு உள்ள நாளில், முதல் மணியில் 15 சென்டிமீட்டர்தான் வற்றும்; மூன்றாம், நான்காம் மணிகளில் 45 சென்டிமீட்டர் வீதம் வற்றும். நடுவிலுள்ள அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் வெளியேறிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வலுக்கும்; அரைநிலா நாட்களை ஒட்டி இரண்டும் தணியும். உங்கள் முதல் சில பயணங்களை அரைநிலா நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பங்குக் கணக்கு ஒரு தோராயம் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளில் ஒரே ஓர் ஏற்றம் வரும் கரைகளுக்கும், இரண்டு ஏற்றங்களும் சமமில்லாத கரைகளுக்கும் இது அப்படியே பொருந்தாது.

ஓத அட்டவணையைப் படிக்கும் புதியவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொன்று உண்டு. அட்டவணை சொல்வது நீர்மட்டத்தின் நேரம். நீர் ஓடாமல் நிற்கும் நேரம் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. வாய் குறுகி, உள்ளே அகன்று நீண்ட விரிகுடாவில், வெளிக்கடலில் ஏற்றம் முடிந்த பிறகும் நீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். வற்றத் தொடங்கிய பிறகுதான் உள்ளே அது நிற்கும். இந்த இடைவெளி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், பொதுவாக ஓர் எண்ணைச் சொல்வது சரியாக இராது. கரையில் நின்று அளப்பதே வழி. இறங்கப் போகும் இடத்தில், நீரில் நிற்கும் ஒரு தூணையோ வழிகாட்டிக் கம்பத்தையோ பாருங்கள். நீர் நின்றிருந்தால் தூணைச் சுற்றிச் சலனம் இருக்காது. ஓடத் தொடங்கியதும், தூணின் ஒரு பக்கம் சிறு மேடும், மறுபக்கம் வால் போன்ற கோடும் தோன்றும். அந்த வாலின் திசைதான் உங்களை இழுக்கப் போகும் திசை. ஏறத்தாழ பத்து மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தூண்களுக்கு இடையே மிதந்து வரும் ஓர் இலையையோ நுரையையோ எண்ணிக்கொண்டே பாருங்கள். அது 40 விநாடி எடுத்துக்கொண்டால் நீரோட்டம் மணிக்கு 0.9 கிலோமீட்டர், சமாளிக்கலாம். 20 விநாடியில் கடந்துவிட்டால் மணிக்கு 1.8 கிலோமீட்டர், அப்போது இறங்காதீர்கள். எந்தக் கருவியும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை இன்றும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், தொடங்குபவருக்கு ஏற்ற நேரம் ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம். அப்போது நீர் விரிகுடாவுக்குள்ளே வருகிறது. தவறு நேர்ந்தாலும் உங்களை உள்ளே, கரைகளை நோக்கித்தான் தள்ளும். ஏற்றம் நிறைந்து நீர் நிற்கும் வேளையில் கரையை நெருங்கிவிட வேண்டும். வற்றம் வலுக்கும் மணிகளில் வாயை நோக்கிய பகுதியில் டியூப்பில் இருக்கவே கூடாது. மீன் பிடிப்பவர்கள் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள்: ஓடும் நீரில்தான் மீன் இரை எடுக்கும், நின்ற நீரில் எடுக்காது என்று. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மீனுக்கு வேண்டிய ஓட்டம் மிகக் குறைவு. ஏற்றம் தளரத் தொடங்கும் அந்த மெல்லிய ஓட்டமே போதுமானது, அதில் உங்களுக்கும் ஆபத்து குறைவு. எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராகப் புறப்பட்டு, அதனுடன் திரும்புங்கள். எதிராகப் போக முடியவில்லை என்றால், இன்று போகக் கூடாது என்பது புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கரையும் அப்போது பக்கத்திலேயே இருக்கும்.

காற்றைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. பகலில் நிலம் சூடேற ஏற, கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று எழும்; நண்பகலுக்குப் பிறகு அது வலுக்கும். டியூப்பில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால், முதுகும் முதுகுச்சாய்வும் சேர்ந்து பாய் போல வேலை செய்யும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றை எதிர்த்து உதைப்பதே கடினம். 20 ஆனால் கரையில் இருங்கள். இதைவிட முக்கியமானது, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அதிகாலையில் இது இயல்பாகவே மெல்ல வீசும். சில நாள் வலுவாகவும் வீசும். கரையில் நின்று பார்த்தால் நீர் கண்ணாடி போலத் தெரியும், ஏனென்றால் அலை எழுவதற்கு அந்தக் காற்றுக்கு அங்கே இடமே கிடைப்பதில்லை. இருநூறு மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் அலை தெரியும். அப்போது திரும்புவதற்கு முழுக் காற்றையும் எதிர்க்க வேண்டும். கரைக்காற்று வீசும் நாளில் கரையோரமாக, எழுந்து நிற்கக்கூடிய ஆழத்துக்குப் பக்கத்திலேயே மீன் பிடியுங்கள். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே சந்திக்கும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்பதால், அந்த இடங்களை முழுவதும் தவிர்த்துவிடுங்கள்.

இனி உடலுக்கு அணிபவை. லைஃப் ஜாக்கெட் பற்றி விவாதத்துக்கே இடமில்லை. டியூப் என்பது காற்றால் மிதக்கும் கலம், காற்று போனால் உங்களை மிதக்க வைக்க வேறொன்று வேண்டும். முதுகுச்சாய்வுடன் உரசாதவாறு, முதுகுப்பக்கம் மெல்லியதாக உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த நீருள்ள இடங்களில் வேடர்ஸ் என்னும் நீர்புகா மார்பு உடை தேவைப்படும். வேடர்ஸுக்குள் நீர் புகுந்தால் அது ஆளை ஆழத்துக்கு இழுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஒரே எடை என்பதால் அப்படி இழுக்காது. ஆனால் நீந்துவதும், கரையேறும்போது எழுந்து நிற்பதும் மிகக் கடினமாகிவிடும். ஆகவே இடுப்பில் இறுக்கமாக ஒரு பெல்ட் கட்டுங்கள். நீர் உள்ளே இறங்குவதை அது பெருமளவு தடுக்கும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், கதகதப்பான கடலிலும் மூன்று மணி நேரம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கும். மிகக் குளிர்ந்த நீருக்கு 1-10-1 என்று ஒரு நினைவுக்குறிப்பு உண்டு: விழுந்த முதல் நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதற்கு, அடுத்த 10 நிமிடம் கைகால்கள் பயன்படும் வரை, அதன் பிறகு குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்தாமல், நீரின் வெப்பத்தைப் பார்த்து உடுத்துங்கள்.

கால்துடுப்புகள்தான் உங்கள் இயந்திரம். இரண்டையும் கணுக்காலுடன் சிறு கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று கழன்று மூழ்கிவிட்டால், மிஞ்சிய ஒன்றை உதைக்க உதைக்க டியூப் வட்டமடிக்கும். நேராக வருவதற்கு இருமடங்கு உழைப்பு தேவைப்படும். ஏரியிலேயே, இடுப்பளவு ஆழத்தில், நண்பர் ஒருவர் பக்கத்தில் நிற்க, டியூப்பிலிருந்து நழுவி விழுந்து மீண்டும் ஏறிப் பழகுங்கள். முன்பக்கம் திறந்த டியூப்பில், அந்தத் திறப்பின் வழியாக வயிறு படும்படி மேலே சறுக்கி ஏறி, பிறகு உடலைத் திருப்பி உட்காருவதுதான் பலருக்கும் கைகூடும் வழி. எந்தப் பட்டையை எந்தக் கையால் விடுவிக்க வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டும் தெரிந்திருக்க வேண்டும். டியூப் கவிழ்வது அரிது. ஆயினும் படகின் அலை பக்கவாட்டில் வரும்போது பின்னால் சாய்ந்திருந்தால் கவிழும். அலையைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இறங்கும் இடம் கெட்டியான மணலாக இருக்க வேண்டும். படகு இறக்கும் சரிவுகள் வசதியாகத் தோன்றினாலும், நீர்க்கோட்டுக்குக் கீழே பாசி படிந்து வழுக்கும். கால்துடுப்புடன் அங்கே நடப்பது விழுவதற்கான வழி. ஏற்றத்தில் இறங்கிய இடம் வற்றத்தில் எப்படி இருக்கும் என்பதையும் முந்தைய நாளே சென்று பார்த்துவிடுங்கள். முழங்கால் வரை புதையும் சேற்றுத் திட்டு அங்கே வெளிப்படுமானால், தாமதமாகத் திரும்புபவருக்கு அதைக் கடப்பது நீரோட்டத்தைவிடப் பெரிய ஆபத்து. கால்துடுப்பு அணிந்த பிறகு எப்போதும் பின்னோக்கியே நடக்க வேண்டும், அடியைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி. ஆழமற்ற மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். தேய்த்து வரும் காலின் அதிர்வு அதை விலகிப்போகச் செய்யும், மேலே மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் குத்தும். வேடர்ஸும் அந்த முள்ளைத் தடுக்காது. குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூடான நீரில், 45 டிகிரி செல்சியசுக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். குத்துபட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் நீரின் சூட்டைக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உடைந்து உள்ளே தங்கியிருந்தாலும், குத்து ஆழமாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்திய முள்ளை நீங்களே பிடுங்கக் கூடாது.

படகுப் போக்குவரத்து ஏரியில் பெரும்பாலும் இல்லாத ஒன்று. டியூப்பில் உங்கள் மேலுடல் மட்டும்தான் நீருக்கு மேலே தெரியும். காலை வெயிலை எதிர்கொண்டு வரும் படகோட்டிக்கு அதுவும் தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் தொப்பியும் மேலாடையும், முதுகுப்பக்கம் நிமிர்ந்த கம்பத்தில் ஒரு கொடியும், லைஃப் ஜாக்கெட்டில் கட்டிய விசிலும், மங்கலான வேளையில் வெள்ளை விளக்கும் வேண்டும். 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஒன்பதாவது விதி, குறுகிய கால்வாயில் மீன் பிடிக்கும் கலம் அங்கே செல்லும் எந்தக் கலத்துக்கும் தடையாக இருக்கக் கூடாது என்கிறது. டியூப் சட்டப்படி கலமா என்பது நாட்டுக்கு நாடு மாறினாலும், நடைமுறையில் நீங்கள் பின்பற்ற வேண்டியது அந்த விதியைத்தான். கால்வாயின் ஓரத்தில் மீன் பிடியுங்கள். அதைக் கடந்து அக்கரைக்குப் போகாதீர்கள். உங்கள் விரிகுடா எது என்று நீங்கள் குறிப்பிடாததால், உரிமம், மீன் அளவு வரம்பு, துறைமுகத் தடைப் பகுதி ஆகியவற்றை அந்தந்த இடத்து அதிகாரிகளிடமே கேட்டுக்கொள்ளச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நீரில் இறங்குமுன், எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்; கைபேசி நீர்புகா உறையில், டியூப்பின் பையில் இல்லாமல் உங்கள் உடலோடு இருக்கட்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மகிழ்ச்சியான பகுதிக்கு வரலாம். விரிகுடாவில் டியூப்புக்கு இருக்கும் சிறப்பு, ஓசையின்றி, நிழல் விழாமல், மீனுக்கு மிக அருகில் செல்ல முடிவது. கடற்புல் படுகைகளின் விளிம்பு, மணல்திட்டு முடிந்து ஆழம் தொடங்கும் சரிவு, தூண்கள் நிற்கும் நிழல், சிறு ஓடை வந்து சேரும் வாய் ஆகிய நான்கு இடங்களில் ஏதேனும் ஒன்று எல்லா விரிகுடாவிலும் இருக்கும். இரைமீன் ஒதுங்கும் இடம் அவைதான், பெரிய மீன் காத்திருக்கும் இடமும் அவைதான். புல்லின் நடுவே எறிவதைவிட, புல் முடிந்து மணல் தொடங்கும் கோட்டுக்கு இணையாக நகர்ந்துகொண்டே, அந்தக் கோட்டின் மேல் எறியுங்கள். தூண்டில் கோல் சுமார் இரண்டு மீட்டர் நீளத்தில், நடுத்தர வலுவுடன் இருந்தால் போதும். நீர்மட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிட நீண்ட கோலில் மீனைக் கைக்குக் கொண்டுவருவது கடினம். உப்புநீருக்கென்று செய்த நடுத்தர ஸ்பின்னிங் ரீல், ஐந்து முதல் ஏழு கிலோ தாங்கும் பிரெய்டு (பின்னிய) நரம்பு, அதன் முனையில் ஒரு மீட்டர் அளவுக்குச் சற்றுத் தடித்த ஃப்ளூரோகார்பன் நரம்பு, ஏழு முதல் பதினான்கு கிராம் ஈயத்தலை ஜிக் (தலையில் ஈயம் வார்த்த தூண்டில் முள்), அதில் விரல் நீள ரப்பர் மீன். தொடங்க இவ்வளவே போதும். ஈயத்தின் எடையை ஆழத்தைக் கொண்டு தீர்மானிக்காமல், தரையைத் தொடுவது கையில் தெரிகிறதா என்பதைக் கொண்டு தீர்மானியுங்கள். தெரியாவிட்டால் ஒரு படி கூட்டுங்கள். நீங்கள் பின்னோக்கி நகர்வதால், எறிந்துவிட்டு மெல்ல உதைத்துக்கொண்டே போனால், ரப்பர் மீன் உங்கள் முன்னே தரையை ஒட்டி நீந்தி வரும். ஓர் எறிதலில் நூறு மீட்டர் விளிம்பைத் தேடிவிடலாம். கரையிலிருந்தோ வேகப் படகிலிருந்தோ இந்த நிதானம் கிடைக்காது. முதல் மீன் தூண்டிலைக் கவ்வும்போது டியூப் தானாகவே மீனின் பக்கம் திரும்பும்; அந்தத் திருப்பத்தைக் கையில் உணரும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஆனால் மீன் உங்களை இழுத்துச் செல்லவும் முடியும் என்பதால், ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிடியை) ஏரியில் வைப்பதைவிடச் சற்றுத் தளர்வாக வையுங்கள். பெரிய திருக்கை மாட்டிக்கொண்டால் அது நேராக ஆழக் கால்வாயை நோக்கிப் போகும். அது திருக்கை என்று தெரிந்த கணமே நரம்பை அறுத்துவிடுங்கள். அதற்குக் கூர்முனைக் கத்தி வேண்டாம். முனை மழுங்கிய நரம்பு வெட்டி ஒன்றை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். மூன்று முள் கொண்ட தூண்டில்களை ஒற்றை முள்ளாக மாற்றி, முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுவது நல்லது. துள்ளும் மீனின் வாயிலிருக்கும் தூண்டிலுக்கு உங்கள் தொடையும் மிதவையும் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. கெளிற்று வகை மீன்களின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் நஞ்சுள்ளவை. வேறு சில மீன்களின் செவுள் மூடி சவரக் கத்தி போல அறுக்கும். நீண்ட கைப்பிடி வலையும் நீள்மூக்குக் குறடும் இருந்தால் கை அருகே போகாமலே வேலை முடியும். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து இடுப்பருகே நீரில் தொங்கவிடும் ஏரிப் பழக்கத்தைக் கடலில் கைவிட்டுவிடுங்கள். அந்த இரத்த வாடையும் துடிப்பும் சுறாவையும், சில கடல்களில் கடல்நாய்களையும் அழைக்கும். நடுவில் தொங்குவது உங்கள் கால்கள். வைத்துக்கொள்ளும் மீனைக் குளிர்ப்பையில் போட்டு டியூப்பின் பின்புறத்தில் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கருத்து வேறுபாடு உள்ளவற்றையும் குறிப்பிட வேண்டும். நிலவு நிலையைக் கொண்டு மீன் இரை எடுக்கும் நேரத்தைக் கணிக்கும் அட்டவணைகளைச் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். ஓதத்தைத் தாண்டி அவற்றில் கூடுதலாக ஏதேனும் இருக்கிறது என்று என் அனுபவம் காட்டவில்லை. நம்புபவர்களைத் தவறு என்று சொல்லவும் எனக்குச் சான்றில்லை. டியூப்பின் வடிவத்திலும் அப்படித்தான்: வட்ட வடிவம் பழையது, உறுதியானது, ஆனால் ஏறி இறங்கக் கடினம், நீரைக் கிழித்துச் செல்லாது, முன்பக்கம் திறந்த இரண்டு மிதவை வடிவம் வேகமும் பாதுகாப்பும் கூடியது என்பது என் தேர்வு. பல நல்ல மீனவர்கள் வட்ட டியூப்பிலேயே தொடர்கிறார்கள். நங்கூரம் போடலாமா என்பதிலும் இரண்டு கட்சிகள் உண்டு. ஓடும் நீரில் நங்கூரம் டியூப்பின் ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கும் என்பதால், தொடங்குபவருக்கு வேண்டாம் என்பதே என் அறிவுரை.

உங்கள் பழைய டியூப் போதுமா என்ற கேள்விக்கு: ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் காற்றறைகள் அதில் இருந்தால் போதும், ஒரே அறை என்றால் கடலுக்கு வேண்டாம். தூண்களிலும் பாறைகளிலும் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்னும் கூரிய ஓட்டுயிரியும் சிப்பியும் துணியை ஓர் உரசலில் கிழித்துவிடும். தூணிலிருந்து எப்போதும் ஒரு கோல் நீளம் விலகியே இருங்கள், படகு அலை உங்களைத் தள்ளினாலும் படாத அளவுக்கு. முதல் நாள் உங்களைக் கலவரப்படுத்தக்கூடிய ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 35 டிகிரி வெயிலில் கரையில் வைத்து விறைப்பாகக் காற்றடித்த டியூப், 15 டிகிரி நீரில் இறங்கியதும் சில நிமிடங்களில் தொளதொளவென்று ஆகும். ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கிவிடுகிறது, அவ்வளவே. ஆழமற்ற இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி, குளிர்ந்த பிறகு மீண்டும் காற்றடித்துக்கொள்ளுங்கள். இதன் மறுபக்கம்தான் டியூப்பைக் கெடுப்பது: கரையேறியதும் அதே விறைப்புடன் வெயிலில் விட்டால் காற்று விரிந்து தையல் பிரியும், ஆகவே நீரைவிட்டு வெளியே வந்தவுடன் ஒவ்வொரு வால்வையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

உப்பு ஜிப்பையும் வால்வையும் கொக்கிகளையும் அரிக்கும். வீடு வந்ததும் ஜிப்புகளைத் திறந்து வைத்து நல்ல நீரால் நன்கு அலசி, நிழலில் உலர்த்தி, ஜிப்பின் பற்களில் மெழுகு தேயுங்கள். ரீலின் மேல் நீரை மெல்ல விடுங்கள், பீச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். உங்கள் டியூப் சில ஆண்டுகள் பழையது என்றால், கடலுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு மாலை வீட்டுக்குள் முழு விறைப்புக்குக் காற்றடித்து, சோப்புநீரைத் தையலிலும் வால்விலும் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அப்படியே இரவு முழுவதும் விட்டு, காலையில், அறையின் வெப்பம் மாறாதிருக்க, மிதவையை விரலால் அழுத்திப் பாருங்கள். மாலையில் இருந்த அதே விறைப்பு காலையிலும் இருந்தால் அதையே கொண்டுபோகலாம். ஒரு காற்றறை மட்டும் தளர்ந்திருந்தால், அந்தக் காற்றறையின் உட்பையை மாற்றிய பிறகு போகலாம்.